புதுப்பிப்பு: குமுளி ஏற்றத்தில் எஞ்சின் சூடேறிய சிக்கல் தீர்ந்தது

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு எங்கள் வண்டி மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் வெப்பமானி முள் சிவப்பை நெருங்குவதையும், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே வருவதையும் முன்பு எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

தெர்மோஸ்டாட்டை (வெப்பத்துக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்துவிடும் வால்வை) மாற்றச் சொன்னவர்களே அதிகம்; ஆனால் ரேடியேட்டர் விசிறியின் ரிலேயை (விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சை)ச் சோதிக்கச் சொன்ன பாலக்காட்டு நண்பரின் யோசனையே பலித்தது. கம்பம் சமவெளியில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடுவதால் விசிறி செயலிழந்திருந்தது தெரியவில்லை; கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஊர்ந்தபோதுதான் குறை வெளிப்பட்டது. பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தபோது விசிறி சுழன்றதால் மோட்டாரில் பழுதில்லை என்று உறுதியானது. எங்கள் வண்டியில் ஹார்னுக்கும் அதே வகை ரிலேதான். அதைக் கழற்றி இங்கே செருகியதும் விசிறி ஓடியது. புது ரிலேயின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

எதிர்பாராதது ரேடியேட்டர் மூடி. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்குமோ என்று சிலர் அஞ்சிய கூலன்ட் இழப்புக்கு, மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததே காரணம். மூடி அழுத்தத்தைத் தாங்கினால்தான் கொதிநிலை உயரும். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

இரண்டையும் மாற்றிய பின், ஏசி போட்டு ஏறினாலும் முள் நடுவிலேயே நிற்கிறது, தெர்மோஸ்டாட்டைத் தொடவில்லை.