மழைக்காலத்தில் காணாமல் போகும் சவுண்ட் கார்டு

செம்பூரிலிருந்து:

மும்பை மாட்டுங்காவில் எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். மைக்கை, கணினிக்குள் ஒலியைக் கவனிக்கும் சவுண்ட் கார்டில் செருகித்தான் வகுப்பு. ஜூலை மழையில் முதலில் கரகரப்பு, அப்புறம் பாடம் நடக்கும்போதே சத்தம் அடியோடு நின்றுபோனது. சர்வீஸ் கடைக்காரர் வந்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார், காசு வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே பழைய கதை.

எனக்கு இதில்தான் கோபம். எதையும் அழிக்கும் முன், கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரை விண்டோஸில் திறந்திருந்தாலே பாதி விஷயம் புரிந்திருக்கும். கார்டின் பெயர் மஞ்சள் குறியோடு இருந்தால் முதலில் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சந்தேகிக்கலாம். மாமியின் கணினியில் பெயரே இல்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, செருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைக் கொடுத்தேன். அந்தப் பட்டியலிலும் இல்லை. அப்புறம் விண்டோஸ்மேல் எப்படிப் பழி போடுவது? கோளாறு கார்டில், அல்லது அதைச் செருகும் ஸ்லாட்டில்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்ட பிறகே கையை உள்ளே விட்டேன். கார்டின் பொன்னிறப் பற்கள் மங்கி, ஓரத்தில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. கடற்காற்றும் மழை ஈரமும் சேர்ந்த ஊரில் இது சகஜம். பலர் அழிரப்பரால் தேய்ப்பார்கள். தங்கப் பூச்சு மெல்லியது, தேய்ந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியே போதும்.

துடைத்துச் செருகினேன். பின்பக்கத் திருகை முடுக்க முடுக்க, கார்டின் மறுமுனை ஸ்லாட்டைவிட்டு நூலளவு மேலே எழும்பியது! திருகு மாட்டும் தகடு வளைந்திருக்கிறது. குறட்டால் நிமிர்த்தி, பக்கத்து ஸ்லாட்டில் போட்டேன். எக்ஸ்1 (x1) எனும் குட்டை முனைக் கார்டு, எக்ஸ்16 (x16) எனும் நீளமான ஸ்லாட்டிலும் உட்காரும். சத்தம் வந்தது, மாமிக்கு ஏக சந்தோஷம். ஆனால் கணினி சூடேறியதும் கார்டு மறுபடி காணோம்.

அதை என் கணினியில் போட்டேன், அங்கேயும் அதே கதை. மாமியின் ஸ்லாட்டில் என் லேன் கார்டு (நெட்வொர்க் கார்டு) நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது. இப்படி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் யாரும் புதுக் கார்டு வாங்கவேண்டாம்.

"அப்போ கார்டு போயிடுத்தாடா?" என்றார் மாமி. டார்ச் அடித்துப் பார்த்தால், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெபாசிட்டர் ஒன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் லாமிங்டன் ரோட்டில் சால்டரிங் செய்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். கொள்ளளவைச் சொல்லும் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல் என்று சொல்லித்தான் மாற்றினார். வகுப்பு இப்போது தடையில்லாமல் நடக்கிறது.

வாஷியிலிருந்து:

மாற்றிப் போட்டுப் பார்க்கும்போது, கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையையும் மறக்காதீர்கள். என் மாமா பையனுக்கு கேம் ஆரம்பித்ததும் திரை கறுத்துவிடும். திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று வீடே துக்கம் கொண்டாடியது. எக்ஸ்16 ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும், மீதி கேபிளில் வரவேண்டும். 8 பின் கேபிள் என்றால் 150 வாட். இவன் அதை ஹார்ட் டிஸ்க் கனெக்டரிலிருந்து அடாப்டர் போட்டு இழுத்திருந்தான். அதன் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கியது. நல்ல பவர் சப்ளை மாட்டியதும் கார்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அடாப்டர் கருகும்வரை விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்று. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டில் செருகிப் பார்க்கச் சொல்வார்கள். இன்டெல் பிராசசர் சிப்பின் பெயர் எஃப் (F) என்று முடிந்தால் அதில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, திரையில் எதுவும் வராது. மதர்போர்டும் போச்சு என்று பதறவேண்டாம்.

டோம்பிவிலியிலிருந்து:

செம்பூர் அண்ணா, மாமி கணினியை எங்கே வைத்திருக்கிறார்? எங்கள் வீட்டிலும் ஜன்னலோரம் தரையில்தான், மழை வந்தால் சாரல் அடிக்கும்.

செம்பூரிலிருந்து:

மாமி வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, தம்பி. உள் சுவரோரம் ஒரு ஸ்டூல் மேல் மாற்றிவிட்டோம். வகுப்பு இல்லாத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. முதலில் ஸ்டூலுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.