புதுப்பிப்பு: 10-2 போதவில்லை, நாட்டர் டேம் வெளியே

பத்து வெற்றி, இரண்டு தோல்வியோடும் நாட்டர் டேம் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பிளேஆஃபுக்குள் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதிச் சுற்றுகள்) போய்விடும் என்று முன்பு எழுதியிருந்தேன். கணக்கு தப்பிவிட்டது. 2025 இறுதித் தரவரிசையில் 11-ஆம் இடம். ஆடுவதோ 12 அணிகள். ஆனால் கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்த லீக்) சாம்பியன்களில் தரவரிசையில் மேலே உள்ள ஐந்து பேருக்கு, எத்தனையாவது இடத்தில் இருந்தாலும், இடம் உறுதி. டூலேன், ஜேம்ஸ் மேடிசன் இரண்டும் அப்படி நுழைந்ததில் கடைசி இரண்டு இடங்களும் போயின. 10-ஆவதாக உள்ளே போனது மயாமி. முதல் ஆட்டத்தில் நாட்டர் டேமை 27-24 என வென்ற அதே அணி.

இன்னொரு தோல்வியான டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டம்தான் இன்னும் உறுத்தல். டச்டவுனுக்குப் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் 6 புள்ளி) பின் ஒரு புள்ளிக்கு அடிக்கும் எக்ஸ்ட்ரா பாயின்ட் உதைக்குப் பந்தை நிறுத்தும்போது நாட்டர் டேம் கை நழுவவிட்டது, அந்த ஒரு புள்ளி போனது. 13 விநாடி இருக்கையில் எதிரணி டச்டவுன் போட்டு, உதையையும் சரியாக அடித்தது: 41-40. எனவே கிக்கர் (உதைப்பவர்), ஹோல்டர் (உதைக்குப் பந்தை நிறுத்திப் பிடிப்பவர்) இரண்டு இடங்களையும் அணி முதலில் கவனிக்கவேண்டும்.

ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராததால், டிசம்பரில் கான்ஃபரன்ஸ் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம் என்ற கடைசி வாய்ப்பும் நாட்டர் டேமுக்குக் கிடையாது. செப்டம்பரில் தோற்றால் ஈடுகட்ட வழி குறைவு.

பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளான ஜெரமையா லவ், ஜடேரியன் பிரைஸ் இருவரும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போவதால் அந்த இடத்துக்கு ஆள் தேவை. வீரர்கள் கல்லூரி மாறப் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரைதான். அணியின் வரம்பு 105 வீரர்கள் என்பதால், வரம்பு நிரம்பியபின் ஒருவர் வந்தால் ஒருவர் போகவேண்டும்.