கேலியால் அதிபர் கவிழ்கிறாரா, கவிழ்ந்தவரைத்தான் கேலி செய்கிறோமா?

தராசு:
ஆதரவு சரிந்த அதிபர் என்றாலே ஊரே கூடி நக்கலடிக்கிறது. விமர்சனத்தைச் சொல்லவில்லை, அது வேண்டும். நாக்குக் குழறியது, கால் இடறியது, கோட்டு நிறம் சரியில்லை என்று தொடங்கி ஒரு மனிதரைக் கோமாளியாக்கும் வேலையைச் சொல்கிறேன். கேலி முதலில் வருகிறது, வெறுப்பு அதன் பின்னால் வருகிறது என்பது என் கட்சி.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டைப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். டெட்ராய்ட் லயன்ஸ், கிரீன்பே பேக்கர்ஸ் இரண்டு தொழில்முறை அணிகளும் கூப்பிட்டன, அவர் சட்டம் படிக்கப் போய்விட்டார். அப்பேர்ப்பட்டவர் 1975 ஜூன் 1 அன்று ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மழையில் நனைந்த விமானப் படியில் வழுக்கினார். அவ்வளவுதான். அந்த அக்டோபரில் தொடங்கிய சாட்டர்டே நைட் லைவ் என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிகர் செவி சேஸ் ஃபோர்டு வேடத்தில் மேசை மேலும் நாற்காலி மேலும் விழுந்து விழுந்து காட்டினார். முக ஒப்பனைகூடப் போடவில்லை, குரலையும் மாற்றவில்லை. விழுந்தால் போதும், அது ஃபோர்டு! 1976 தேர்தலில் எதிர்த்து நின்ற கார்ட்டருக்கு 50.1 சதவீதம், ஃபோர்டுக்கு 48.0. இரண்டு சதவீத வித்தியாசத்துக்கு ஒரு படிக்கட்டு போதாதா?

எண்கணக்கு:
தேதிகளை வரிசையாக வையுங்கள், தராசு. 1974 ஆகஸ்டில் பதவியேற்றபோது காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் ஃபோர்டுக்கு ஆதரவு 71 சதவீதம். செப்டம்பர் 8 அன்று, அவருக்கு முன் பதவி விலகிய அதிபர் நிக்சனுக்குப் பொதுமன்னிப்பு. அந்த மாதம் முடிவதற்குள் 50. படியில் வழுக்கியது அதற்கு ஒன்பது மாதம் கழித்து. இருபது புள்ளி போனபின் வந்து சேர்ந்த கேலி எப்படி முதல் காரணமாகும்?

கேலி காரணமா விளைவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஏறக்குறைய ஒரே மாதிரியான அசட்டு விபத்துகளை, வெவ்வேறு ஆதரவு நிலையில் இருந்த அதிபர்களிடம் ஒப்பிட்டுப் பார்ப்பது.

2002 ஜனவரி 13: இளைய புஷ் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தபடி பிரெட்செல் என்ற மொறுமொறு தின்பண்டத்தைத் தின்று, அது தொண்டையில் சிக்கி மயங்கி விழுந்தார். மறுநாள் கன்னத்தில் காயத்தோடு கேமரா முன் நின்றார். கேலிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அப்போது ஆதரவு 80க்கு மேல். சில நாள் சிரித்தார்கள், முடிந்தது.

1992 ஜனவரி 8: அவர் அப்பா, மூத்த புஷ், தோக்கியோ விருந்தில் பிரதமர் மியாசாவாவின் மடியில் வாந்தியெடுத்தார். வயிற்றுக் காய்ச்சல், யாருக்கும் வருவது. வளைகுடாப் போர் முடிந்த கையோடு 89 வரை போயிருந்த ஆதரவு அதற்குள் 50க்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தக் காட்சி அந்தத் தேர்தல் ஆண்டு முழுக்கச் சுற்றியது.

1979: கார்ட்டர் ஊரில் மீன் பிடிக்கும்போது ஒரு முயல் படகை நோக்கி நீந்தி வந்தது, துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டினார். சம்பவம் ஏப்ரலில். செய்தியாக வெடித்தது ஆகஸ்ட் கடைசியில், ஆதரவு 30ஐ ஒட்டிக் கிடந்த நேரத்தில். முயலுக்கே பயந்தவர் சோவியத்தை எப்படிச் சமாளிப்பார் என்று எழுதித் தள்ளினார்கள்.

மூன்றிலும் சம்பவம் சில்லறைதான். ஒட்டியதும் ஒட்டாததும் ஆதரவு எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது.

பனையோலை:
எண்கணக்கு அண்ணை சொல்வது சரி, ஆனால் அமெரிக்காவோடு நின்றுவிட்டார். ஏன் ஜனாதிபதிக்கே இவ்வளவு அடி விழுகுது என்பதுக்குப் பதில் அரசியல் யாப்பிலேயே இருக்கு.

பிரித்தானியாவில் நாட்டின் தலைவர் அரசர், ஆட்சிக்குப் பொறுப்பு பிரதமர். பிரதமர் சரியில்லை எண்டால் சொந்தக் கட்சியே மாற்றிப்போடும். பிரான்சில் ஜனாதிபதிக்கு அதிகாரம் இருந்தாலும் கீழே ஒரு பிரதமர் இருக்கிறார், அவரை அங்கே 'ஃபியூஸ்' எண்டே சொல்லுவினம். சூடு ஏறினால் முதலில் எரிவது அவர். நிறைவேற்று அதிகார ஜனாதிபதிக்கு அப்படி ஒண்டும் இல்லை. கொடியும் அவர், கருவூலமும் அவர். ஐந்து வருசத்துக்கு அசைக்கவும் ஏலாது. இடையில் சனத்திட்ட இருக்கிற ஒரே வாக்குச்சீட்டு பகிடிதான்.

இலங்கையைப் பாருங்கோ. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீதம், 69 லட்சம் வாக்கு. 2020 ஒக்டோபரில் 20ஆம் திருத்தம், நாடாளுமன்றத்திட்ட இருந்த அதிகாரத்தை எல்லாம் தன் பக்கம் இழுத்தார். 2021 மே மாதம் இரசாயனப் பசளை (உரம்) இறக்குமதிக்குத் தடை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. அதிகாரம் முழுக்க ஒரே முகவரிக்குப் போனால் திட்டுக் கடிதமும் அந்த முகவரிக்குத்தான் போகும். 'கோட்டா கோ ஹோம்' எண்ட கோசத்தில் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி, ஏப்ரல் 9இல் இருந்து கொழும்பு காலிமுகத்திடலில் 'கோட்டா கோ கம' எண்டு கூடாரம் போட்டுச்சினம். கம எண்டால் சிங்களத்தில் கிராமம். வீட்டுக்குப் போ எண்டது ஊராகிப்போச்சு. நூலகம், சமையல்கூடம் எல்லாம் அதுக்குள்ள. ஜூலை 13 விடியமுன்னம் அவர் நாட்டை விட்டே போனார்.

ஃபோர்டின் படிக்கட்டோடு இதையும் சேர்த்துக் கோமாளியாக்கினது எண்டு சொல்லுவியளோ, தராசு?

தராசு:
இல்லை. பசளைத் தடையும் மின்வெட்டும் அவர் ஆட்சியின் விளைவு, அதைக் கேலி செய்ததில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதே போராட்டக் காலத்தில் '69 லட்சம்' என்பதையே வசைச்சொல்லாக்கினார்கள் அல்லவா? வரிசையில் நின்றவரைப் பார்த்து 'நீயும் 69 லட்சத்தில் ஒருத்தனா' என்று கேட்டால், அது ஆண்டவர் மேல் விழும் அடியா, வாக்களித்த சாமானியன் மேலா? நான் சொல்லும் அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. அப்படிக் கேட்டவனிடம் 'ஆமாம், தப்புப் பண்ணிவிட்டேன்' என்று எவன் சொல்வான்? வீம்புக்காவது பழைய தலைவரை ஆதரிப்பான்.

பனையோலை:
அதில் பாதி ஒத்துக்கொள்ளுறன். வாக்காளனைப் பகிடி பண்ணினது பிழை. ஆனால் அவையளில் கனபேர் காலிமுகத்திடலுக்கு வந்து நிண்டவை, வீம்பு பிடிக்கேல்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் வீம்பு எத்தனை நாள் நிக்கும்?

கருக்கல்:
கேலி எப்படிச் செய்யப்படுகிறது என்று யாரும் பார்க்கவில்லையே. எது ஒட்டும் எது ஒட்டாது என்பது தொழில்நுட்பக் கேள்வி.

கேலிச்சித்திரக்காரர் முழு முகத்தை நம்புவதில்லை, ஒரு கோட்டை நம்புகிறார். 1831இல் ஷார்ல் ஃபிலிபோன் பாரிஸ் நீதிமன்றத்தில் செய்தது இந்தக் கலையின் அரிச்சுவடி. (அங்கே குறி அதிபரல்ல, மன்னர் லூயி ஃபிலிப். உத்தி ஒன்றே.) நான்கு படம் வரைந்தார். முதலாவது மன்னரின் முகம், தொங்கும் கன்னமும் மேலே குறுகிய தலையும். நான்காவது பேரிக்காய். இடையில் இருப்பவை ஒன்றிலிருந்து ஒன்றாக நழுவுகின்றன. மன்னரைப் போலிருக்கிறது என்று முதல் படத்தைத் தண்டித்தால் அதைப் போலிருக்கும் அடுத்ததையும் தண்டிக்க வேண்டும், அப்படியே போய்க் கடைசியில் பேரிக்காயையும் தண்டிப்பீர்களா என்பது வாதம். தண்டனை என்னவோ கிடைத்தது. ஆனால் பாரிஸ் சுவரெல்லாம் பேரிக்காய். வரையத் தெரியாத சிறுவனுக்கும் பேரிக்காய் வரும், அதுதான் விசயம்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் முகமே இல்லாத கேலி. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் பெயரைப் பொருள்களில் ஒட்டினார்கள். தகரக் குடிசைப் பகுதி 'ஹூவர்வில்'. போர்த்திக்கொள்ளும் பழைய செய்தித்தாள் 'ஹூவர் போர்வை'. வெளியே இழுத்துவிட்ட காலிச் சட்டைப்பை 'ஹூவர் கொடி'. பையைத் தடவும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். இதைப் பரப்பியதில் எதிர்க்கட்சி விளம்பரத்துறைக்கும் பங்கு உண்டு, தானாக முளைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பை நிஜமாகவே காலியாக இருந்தது.

அதிகாரமே இல்லாத இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் இது பொருந்தும். 1975 டிசம்பரில் அபு ஆபிரகாம் வரைந்ததில் ஃபக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி, திறந்த கதவிடுக்கில் நீண்ட கையிடம் கையெழுத்துப் போட்ட அவசரச் சட்டத்தைக் கொடுக்கிறார். அவரது மூக்கோ உடம்போ அங்கே பொருட்டில்லை. தொட்டியை விட்டு எழாமலே கையெழுத்திட்டார் என்பதுதான் அடி.

கெட்டுப்போகும் கேலி பெரும்பாலும் உடம்பைப் பிடித்த கேலி. திக்குவாய், வயது, நிறம், குரல். அது அதிபரின் எந்த முடிவையும் தொடாது. அதிபரோ அதைப் படிப்பதுமில்லை. அதே குறை உள்ள ஆயிரம் பேர் படிப்பார்கள்.

எண்கணக்கு:
கருக்கல் சொன்னதோடு ஒன்று. கணிப்பு எண்ணைத் தூக்கிக்கொண்டு கேலி செய்பவர்கள் அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் நல்லது. காலப் கேட்டுவந்தது 'அதிபர் தன் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா' என்று. பிடிக்குமா என்று அல்ல. ஆயிரம் பேரிடம் கேட்டால் பிழை எல்லை 3 முதல் 4 புள்ளி. 43 இருந்தது 41 ஆனது என்றால் ஒன்றும் நடக்கவில்லை, தலைப்புச் செய்தி போட்டவர் சும்மா போட்டிருக்கிறார். ஒரே நிறுவனத்தின் நாலைந்து கணிப்பு ஒரே திசையில் போனால்தான் சரிவு.

இன்னொன்று, ஆட்டத்தின் எல்லையே சுருங்கிவிட்டது. இளைய புஷ் 90இலிருந்து 25 வரை பயணம் செய்தார். டிரம்ப் முதல் தவணை முழுக்க காலப்பில் 34க்கும் 49க்கும் இடையிலேயே நின்றார். நான்கு வருடம் ஒவ்வொரு இரவும் கேலி செய்தும் அவ்வளவுதான் அசைந்தது. கேலிக்குத் தராசு சொல்லும் சக்தி இருந்திருந்தால் அந்த எண் எங்கே போயிருக்க வேண்டும்?

தராசு:
நீங்களே என் பக்கம் வருகிறீர்கள். அசைக்காத கேலி எதற்கு? ஏற்கெனவே ஒத்துக்கொண்டவன் சிரிக்கிறான், மற்றவன் முறைக்கிறான். சிலர் புரிந்துகொள்வதே தலைகீழ். ஸ்டீஃபன் கோல்பேர் வலதுசாரியாக நடித்துக் கிண்டலடித்த நிகழ்ச்சி பற்றி 2009இல் ஓர் ஆய்வு வந்தது. பழமைவாதப் பார்வையாளர்களில் பலர் அவர் சும்மா ஜோக் அடிப்பதாகப் பாசாங்கு செய்கிறார், உள்ளுக்குள் நம் ஆள்தான் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

பொய் மேற்கோள் வேறு. 2008இல் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், அலாஸ்காவின் ஓரிடத்திலிருந்து ரஷ்யாவைப் பார்க்கலாம் என்றார், அது உண்மையும்கூட. 'என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது' என்றது அவர் வேடமிட்ட டீனா ஃபே. இன்றுவரை பேலின் சொன்னதாகவே ஓடுகிறது.

சட்டைப்பை:
அசைக்காது என்றால் ஆட்சியாளர்கள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்?

1798இல் ஜான் ஆடம்ஸ் காலத்து அமெரிக்கச் சட்டம்: அதிபர், அரசு பற்றி அவதூறாக எழுதினால் இரண்டு வருடச் சிறை, 2000 டாலர் அபராதம் வரை. வெர்மான்ட் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் மேத்யூ லயனுக்கு நான்கு மாதமும் 1000 டாலரும். சிறைக்குள் இருந்தே மறுபடி ஜெயித்தார். துருக்கியில் தண்டனைச் சட்டம் 299ஆம் பிரிவு, அதிபரை இழிவுபடுத்தினால் ஒன்று முதல் நான்கு ஆண்டு.

பிரான்சில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. 2008இல் வேளாண் கண்காட்சியில் கை குலுக்க மறுத்த ஒருவரைப் பார்த்து அதிபர் சர்கோசி கெட்ட வார்த்தையில் 'தொலைந்து போ' என்றார். சில மாதம் கழித்து லவால் நகரில் அதே வாசகத்தை அட்டையில் எழுதி அதிபருக்கே காட்டியவர் மேல் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்கு. 30 யூரோ, அதுவும் நிறுத்திவைத்த அபராதம். 2013 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, அந்த வருடமே அந்தக் குற்றப்பிரிவை நீக்கினார்கள். முப்பது யூரோவுக்காக 132 வருடக் குற்றப்பிரிவு போயிற்று.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய கோடு வேறு: மிரட்டல். அமெரிக்காவில் அதிபரைக் கொல்வதாக மிரட்டினால் ஐந்து ஆண்டு வரை. வியட்நாம் எதிர்ப்புக் கூட்டத்தில், தன்னைத் துப்பாக்கி தூக்க வைத்தால் முதலில் அதிபர் ஜான்சனைத்தான் குறிபார்ப்பேன் என்ற இளைஞனை 1969இல் உச்ச நீதிமன்றம் விட்டது. நிபந்தனையோடு சொன்னது, கூட்டமே சிரித்தது, அது அரசியல் மிகை என்று. இதே வரியைக் கூட்டமும் சிரிப்பும் இல்லாமல் ஒரு மின்னஞ்சலில் அனுப்பிப் பாருங்கள்.

கருக்கல்:
பதறாமல் கூடச் சேர்ந்து சிரித்தவர்களும் உண்டு. 1984 விவாதத்தில் 73 வயது ரீகன், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலாக்க மாட்டேன் என்றார். மாண்டேலே சிரித்துவிட்டார். வயது பற்றிய கேலி அன்றோடு செத்தது. ஃபோர்டு தரப்பும் முயன்றது. 1976 ஏப்ரலில் அவரது செய்திச் செயலாளர் ரான் நெசன் அதே சாட்டர்டே நைட் லைவில் தொகுப்பாளராகப் போனார், ஃபோர்டும் சில வரிகள் பதிவு செய்து கொடுத்தார். எடுபடவில்லை. எதிரி மேடையில் ஏறி, எதிரி எழுதிய வசனத்துக்கு நடுவில் சிரித்தால் எப்படி எடுபடும்? ரீகன் தன் வரியைத் தானே வைத்திருந்தார்.

எண்கணக்கு:
ரீகனுக்குப் பொருளாதாரமும் ஏறுமுகத்தில் இருந்தது. 49 மாநிலம். அந்த ஜோக் இல்லாவிட்டால் 48 ஆகியிருக்குமா?

தராசு:
அதிபர் ட்ரூமனை விட்டுவிட்டீர்கள். 1952 பிப்ரவரியில் 22 சதவீதம், வசைக்குக் கணக்கில்லை. 2021இல் வரலாற்றாசிரியர்களைக் கேட்டு சி-ஸ்பான் தொலைக்காட்சி போட்ட அதிபர் தரவரிசையில் ஆறாவது. ஃபோர்டைக் கீழே தள்ளியதாக எண்கணக்கு சொல்கிற அதே நிக்சன் மன்னிப்புக்கு 2001இல் கென்னடி நூலக அறக்கட்டளை துணிச்சலுக்கான விருது கொடுத்தது, எதிர்க்கட்சிக் குடும்பத்தின் கையால். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த விருதைக் கவனித்திருப்பார்கள்?

எண்கணக்கு:
விருது மன்னிப்புக்கு, தராசு. 1974இல் சரிந்ததும் மன்னிப்பால்தான். படிக்கட்டு இரண்டு கணக்கிலும் வரவில்லை.

தராசு:
வரவில்லை என்றால் ஐம்பது வருடம் கழித்தும் ஃபோர்டு என்றதும் நாம் ஏன் படிக்கட்டில் தொடங்கினோம்?

பனையோலை:
தொடங்கினது நீங்கள், அண்ணை.