சோழவந்தான் வீடு (குழு): பாப்பாவுக்குக் காதுகுத்து, பவிக்குப் பாராசூட்

சுந்தர்: எல்லோருக்கும் வணக்கம். பாப்பா காதுகுத்து வருகிற ஞாயிறு, பாண்டி கோவில். கிடா 3. தலைக்கட்டுக்கு 5,000 என்று பேசினோம். இதுவரை கொடுத்தவர்கள்: முருகேசன் சித்தப்பா. அவ்வளவுதான்.

தேவகி: கொடுக்கலாம்பா. எங்கே ஓடிப் போகப் போகிறோம்

வசந்தா: [ஃபார்வர்டு] ஊறவைத்த வெந்தயத்தின் 21 நன்மைகள்… மேலும் படிக்க

பவித்ரா: சுந்தர் அண்ணா, எங்கள் வீட்டுப் பங்கு அடுத்த வாரம் அனுப்பட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கிறது. சொந்தமாக ரிக் வாங்குகிறேன்.

வசந்தா: போர் போடுறியாத்தா? நல்லது. நீரோட்டம் பார்த்துப் போடு

கார்த்தி: பெரியம்மா 😂😂 அது பாராசூட் ரிக்

கலா: என்னது

கலா: பவி போனை எடு

கலா: ஏன் கட் பண்ணுகிறாய்

பவித்ரா: ஆபீஸில் இருக்கிறேன்மா.

தேவகி: பிறந்தநாளுக்கு ஒரு தடவை குதித்தது சரி. பின்னால் ஒரு வெள்ளைக்காரன் கட்டிக்கொண்டு வந்தான், வீடியோ பார்த்தோம். அத்தோடு முடிந்தது என்றாய்தானே மதினி?

கலா: என்னிடம் அப்படித்தான் சொன்னாள்

பவித்ரா: சரி, எல்லோரும் கேட்பதால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அது டான்டெம். அதற்கப்புறம் முறையாகப் பயிற்சி எடுத்து ‘ஏ’ லைசென்ஸ் முடித்துவிட்டேன். அதற்குக் குறைந்தது 25 ஜம்ப் வேண்டும். இப்போது தனியாகத்தான் குதிக்கிறேன். 13,000 அடியில் கதவைத் திறப்பார்கள், முக்கால் நிமிஷம் போல விழுவோம், 5,000 அடியில் நானே இழுத்துத் திறப்பேன். இதுவரை வாடகை செட். ஒவ்வொரு ஜம்ப்புக்கும் வாடகை, தவிர யார் யாரோ மாட்டியது, பட்டை ஒரு நாள் இறுகும், ஒரு நாள் தொங்கும். கைக்கடிகாரம் மாதிரி உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் ஹெல்மெட்டும் முதலிலேயே வாங்கிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பெரிய செலவு இனிமேல்தான். புதிதாக முழு செட் என்றால் 8 லட்சத்துக்குக் குறையாது. அதனால் பழசு பார்க்கிறேன், 3 லட்சம் பக்கம்.

கலா: 3 லட்சமா

கலா: தனியாகவா

வசந்தா: பழைய பாராசூட்டா. யார் கண் பட்டதோ

கார்த்தி: பெரியம்மாவுக்கு அதுதான் கவலை

தேவகி: மூணு லட்சத்துக்கு ஐந்து பவுன் வாங்கலாமே

கார்த்தி: அத்தை எந்தக் காலத்து ரேட் சொல்கிறீர்கள்

பவித்ரா: போர் என்றதும் ஞாபகம் வந்தது. பாஸ்கர் மாமா, தோட்டத்துப் போருக்கு வாங்கிய ஒரு லட்சம் இந்த மாதம் தருவதாகச் சொன்னீர்கள்.

பாஸ்கர்: கிடா 3 போதுமா சுந்தர்? மாப்பிள்ளை வீட்டு ஆட்களே 60 பேர் வருவார்களே

கார்த்தி: மாமா ஆன்லைன் 🙏

சுந்தர்: வாடிப்பட்டியில் ஒருத்தர் சொல்லியிருக்கிறார் மாமா. கிலோவுக்கு இல்லை, உருப்படிக்குப் பேசியிருக்கிறேன்.

பாஸ்கர்: உருப்படிக்குப் பேசினால் ஏமாற்றுவார்கள். நான் வந்து பார்க்கிறேன்

முருகேசன்: பவி, என்ன சைஸ்?

பவித்ரா: சித்தப்பா! நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். இரண்டு செட் கையில் இருக்கிறது. படம் போடுகிறேன்.

பவித்ரா: [படம்] [படம்] [படம்] [படம்]

பவித்ரா: சிவப்பு-கருநீலம் முதல் செட். மெயின், அதாவது முதலில் திறக்கிற பாராசூட், சேபர் 2 என்ற மாடல், 135 சதுர அடி. அது கோளாறானால் திறக்கிற ரிசர்வ் 126. விலை 2,80,000. பார்க்க அவ்வளவு அழகு. மற்றது கத்திரிப்பூ நிறம், ஓரமெல்லாம் பச்சை, பார்க்கவே சகிக்காது. அதுவும் சேபர் 2தான், 170. ரிசர்வ் 160. விலை 3,30,000. முதல் செட்டைத்தான் பிடித்துப் போட நினைக்கிறேன்.

முருகேசன்: உன் எடை என்ன

பவித்ரா: 60. சாமான், ஹெல்மெட், ஷூ எல்லாம் சேர்த்து 71 கிலோ வரும்.

முருகேசன்: கணக்குப் போட்டாயா

பவித்ரா: போட்டேன். 71 கிலோ 156 பவுண்டு. சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்று பார்க்க வேண்டும், 135-ஆல் வகுத்தால் 1.16. 170 என்றால் 0.92. புதிதாக வருகிறவர்கள் ஒன்றுக்குள் இருப்பது நல்லது என்பார்கள். ஆனால் இன்னும் கொஞ்ச நாளில் சின்னதுக்கு மாறத்தானே போகிறோம், இரண்டு தடவை வாங்குவானேன் என்று நாங்கள் குதிக்கிற டிராப் ஜோனில் பாதிப் பேர் சொல்கிறார்கள்.

முருகேசன்: அந்தப் பாதிப் பேரா உனக்குப் பதில் இறங்கப் போகிறார்கள்

கலா: கொழுந்தனாரே, வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் சைஸ் கேட்கிறீர்களே

முருகேசன்: மதினி, வேண்டாம் என்றால் கேட்கிற பிள்ளையா? வாங்குவதை ஒழுங்காக வாங்கட்டும்

தேவகி: இவன் எப்படிச் சொல்வான். இவனே குதித்தவன்

முருகேசன்: நாங்கள் பட்டாளத்தில், ஆக்ராவில் குதித்தது வேறு. பக்கத்தில் மால்புரா மைதானத்தில் இறக்கிவிடுவார்கள். கொக்கியை விமானத்தில் மாட்டியிருக்கும், கதவைத் தாண்டினால் தானாகத் திறக்கும். வட்டப் பாராசூட். ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை, காற்று கொண்டுபோகிற இடத்தில் காலைச் சேர்த்து வைத்து உருள வேண்டியதுதான். சைஸ், கலர் எதுவும் நாம் கேட்க முடியாது. ஸ்டோரில் கொடுத்ததை மாட்டு. இவள் வாங்குவது சதுரம், இறக்கை மாதிரி ஓடும். சின்னதாக ஆக ஆக வேகம் ஏறும், லேசாகத் திருப்பினாலே குப்புறப் பாயும்.

தேவகி: டேய் முருகேசா, 94-இல் மாவுக்கட்டோடு வந்தாயே. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னாயே

முருகேசன்: அக்கா அது இப்போது எதற்கு

கார்த்தி: அப்பா???

ராஜாமணி: அம்மா சாகும்வரை அந்தப் பாத்ரூம் பக்கமே இவனைத் தனியாக விடவில்லை

கார்த்தி: 😂😂😂😂

பவித்ரா: சித்தப்பா சொல்வது சரிதான். இந்த விளையாட்டில் நிறையப் பேர் அடிபடுவது பாராசூட் திறக்காமல் இல்லை. நன்றாகத் திறந்த பாராசூட்டை வைத்துக்கொண்டு, கடைசி நூறு அடியில் திருப்பித்தான் காலை இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள்.

கலா: இதை ஏன் இங்கே எழுதுகிறாய்

முருகேசன்: ரிசர்வ் 126 என்கிறாய். மெயின் ஒழுங்காக இருக்கிற நாளுக்கு 135 சரி என்றே வை. ரிசர்வ் எந்த நாளில் திறக்கும்? எல்லாம் கோணலாகிப் போன நாளில். எங்கே இறங்குகிறோம் என்று தெரியாது, கை நடுங்கும். அன்றைக்கு அதைவிடச் சின்னதா வேண்டும்?

பவித்ரா: ம்

பவித்ரா: மெயினை மட்டும் 170 ஆக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்தப் பைக்குள் நுழையாது என்றார்கள். பை தைக்கும்போதே எந்த சைஸ் என்று முடிவு செய்து தைப்பார்களாம்.

ராஜாமணி: பள்ளிக்கூடச் சட்டை என்றால் பிள்ளை வளரும் என்று பெரிதாகத் தைப்போம். இது என்ன தலைகீழாக இருக்கிறது. சின்னதை வாங்கிவிட்டு நீ அதற்குத் தக்க வளர வேண்டுமா?

பவித்ரா: பெரியப்பா 😄 அதேதான்.

ராஜாமணி: துணி என்ன துணி? குடைத் துணியா

பவித்ரா: நைலான்தான் பெரியப்பா. மெயின் துணியில் சிலிக்கான் பூச்சு இருக்கும், காற்றே புகாது. புதிதாக இருக்கும்போது மடிக்கிறது பெரும்பாடு, கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். ரிசர்வ் அந்தப் பூச்சு இல்லாத நைலான். கயிறுகள் தனி, அவை தேயும், சில நூறு ஜம்ப்புக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்கும்போது அதையும் கேட்க வேண்டும்.

கலா: மடிக்கிறது நீயா?

பவித்ரா: மெயினை நான்தான்மா.

கலா: போர்த்திய போர்வையை மடிக்க மாட்டாய். 27 வயது வரை நான் மடித்தேன்

தேவகி: 🤣

பவித்ரா: ரிசர்வை நான் தொடவே கூடாது. அதற்கு லைசென்ஸ் வாங்கிய ரிக்கர் இருக்கிறார். குதிக்கிறோமோ இல்லையோ, 180 நாளுக்கு ஒருமுறை அவர் பிரித்துப் பார்த்து மடித்து முத்திரை வைப்பார். அது அமெரிக்காக்காரர்கள் சட்டம், இங்கும் அந்தக் கணக்குத்தான். அப்புறம் உள்ளே ஒரு சின்னக் கருவி இருக்கிறது, சைப்ரஸ் என்று ஜெர்மனியில் செய்தது, 1991-இலிருந்து வருகிறது. நான் மயங்கிப் போய் ஒன்றும் செய்யாவிட்டாலும் 750 அடிக்கு வந்தும் வேகம் குறையவில்லை என்றால் ரிசர்வைப் பூட்டியிருக்கிற கயிற்றை அதுவே வெட்டிவிடும். கத்திரிப்பூ செட்டில் இருப்பது 2017-இல் செய்தது. ஆயுள் பதினைந்தரை வருஷம். சிவப்பில் அந்தக் கருவியே கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.

முருகேசன்: அப்புறம் எப்படி அது மலிவு

பவித்ரா: …

கலா: மயங்கிப் போனால் என்று எழுதியிருக்கிறாள் பார்த்தீர்களா தேவகி

வசந்தா: பாண்டி முனீஸ்வரருக்கு ஒரு கிடா நேர்ந்துவிடு கலா. எல்லாம் சரியாகும்

சுந்தர்: அது நாலாவது கிடாவா, இந்த மூன்றில் ஒன்றா? கணக்குக்குக் கேட்கிறேன்

பாஸ்கர்: நாலாகவே வை

கார்த்தி: மாமா பணம் கொடுப்பதாக இருந்தால் ஐந்து

கார்த்தி: அக்கா, அதை ஊருக்குக் கொண்டு வாயேன். யானைமலை மேலே ஏறி ஒன்று போட்டால் ஒத்தக்கடையே பார்க்கும். அழகர் ஆற்றில் இறங்குகிறார், நீ ஆகாயத்திலிருந்து இறங்கு

பவித்ரா: விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே கார்த்தி. மலையிலிருந்து குதிப்பது வேறு விளையாட்டு, அதற்கு வேறு சாமான். இது திறந்து முடிக்கவே பல நூறு அடி வேண்டும்.

முருகேசன்: கார்த்தி வாயை மூடு

ராஜாமணி: பவி, அந்தச் சிவப்புப் பை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படம். தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கிற மூடி லேசாகத் தூக்கி இருக்கிறது பார். மூடிக்கு அடியில் கருநீலம். வெளியே சாம்பல் ஓடிக் கிடக்கிறது. வெயிலில் ரொம்ப நாள் கிடந்த சரக்கு. புதுசு மாதிரி தெரிவது கழுவி எடுத்த படம் என்பதால்.

ராஜாமணி: இடது காலில் மாட்டுகிற பட்டை, வளையத்தில் திரும்புகிற இடம். தையல் நூல் பூனை மயிர் மாதிரி எழும்பி நிற்கிறது. வலது பக்கம் அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஏன்?

பவித்ரா: இருங்கள் பார்க்கிறேன்

பவித்ரா: ஐயோ ஆமாம்

ராஜாமணி: புது மண்டபத்தில் மிஷின் மிதித்தவன் நான். அழகர் வேடத்துச் சல்லடம் ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறேன். நைலானுக்கு வெயில்தான் எமன். பார்க்க முழுசாக இருக்கும், நகத்தால் நெருடினால் விட்டுவிடும். படத்தை வைத்து அறுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் பணம் கட்டாதே.

முருகேசன்: அண்ணன் சொல்வதுதான். ரிக்கர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் காசு. அதுவரை அட்வான்ஸ்கூட வேண்டாம்

பவித்ரா: விற்கிறவர் வேறு ஊரில் இருக்கிறார். முதலில் ரிக்கருக்கு அனுப்புங்கள், அவர் சரி என்றதும் பணம் தருகிறேன் என்று கேட்டுப் பார்க்கிறேன். நியாயமானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ராஜாமணி: யார் அளவுக்குத் தைத்தது அது

பவித்ரா: விற்கிறவர் ஆறடி. நான் 163 சென்டிமீட்டர். கத்திரிப்பூ ஒரு பெண்ணுடையது, கிட்டத்தட்ட என் உயரம்.

ராஜாமணி: அப்புறம் என்ன கேள்வி. ஆறடி ஆள் சட்டையை நீ போட்டுக்கொண்டு ஆகாயத்தில் தொங்கப் போகிறாயா. தோள்பட்டை நழுவும்

பவித்ரா: கலர்தான் பெரியப்பா…

வசந்தா: கத்திரிப்பூவும் பச்சையும் நல்ல காம்பினேஷன். என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு அதுதான்

கார்த்தி: முடிந்தது. பெரியம்மா ஓகே பண்ணிவிட்டார்

கலா: யாரும் ஓகே பண்ணவில்லை. பவி, அந்த திண்டுக்கல் வரன் ஜாதகம் பொருந்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அம்மாவும் வருகிறார்கள். இந்தப் பேச்சை அங்கே யாரும் எடுக்கக் கூடாது

தேவகி: மதினி, மாப்பிள்ளை பைக்கில் லடாக் போகிறவராம். அவர்கள் அம்மாவும் யாரிடமோ இப்படித்தான் அழுதுகொண்டிருப்பார்

பவித்ரா: அத்தை இது எனக்குத் தெரியாதே 😳

கலா: தேவகி உன்னிடம் சொன்னது தப்பு

சுந்தர்: வேன் ஒன்றா இரண்டா? டிரைவர் கேட்கிறார். சோழவந்தானில் ஏறுகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

முருகேசன்: நாங்கள் 3

வசந்தா: காலையில் எத்தனை மணிக்கு

சுந்தர்: மேலே போட்டிருக்கிறேன் அம்மா

வசந்தா: மேலே வெந்தயம்தான் இருக்கிறது

பவித்ரா: சித்தப்பா, சிவப்பை விட்டுவிடுகிறேன். கத்திரிப்பூ பற்றி இன்னும் யோசிக்கிறேன், அதற்கு 50,000 கூட வேண்டும். கிடைக்காவிட்டால் இன்னும் சில மாதம் வாடகையிலேயே ஓட்டுகிறேன். அண்ணா, நம் பங்கு 5,000 இன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

முருகேசன்: வாடகையில் ஓட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. 190, 170 என்று மாற்றி மாற்றிக் குதித்துப் பார். உடம்பே சொல்லும்

ராஜாமணி: கத்திரிப்பூவுக்கும் அந்தக் கால் பட்டைப் படம் வேண்டும். இரண்டு பக்கமும். வெளிச்சத்தில் எடுக்கச் சொல்

பாஸ்கர்: பவி, போரில் தண்ணீர் வந்த அளவுக்குத்தான் பணமும் வருகிறது. இப்போதைக்கு 40 போடுகிறேன். மீதி தீபாவளிக்கு

கார்த்தி: எந்தத் தீபாவளி மாமா

தேவகி: கார்த்தி, பெரியவர்கள் பேசும்போது

பாஸ்கர்: ஜிபே நம்பர் பழசுதானே?

பவித்ரா: அம்மா நம்பர்தான் மாமா. மீதி 60-க்கும் அதே நம்பர்தான்.