ஆப்கன் போர்வை: நடுவில் கோடு விழுமா, விழாதா?

குன்னூர்க் குளிர்:
“ஆப்கன், அதாவது நூலில் பின்னும் சோபா போர்வைக்கு மூன்று மாதம் கையில் ஊசி பிடிப்பது வெட்டி வேலை, மெஷினில் இரண்டே நாள்” என்று நேற்று நூல்கண்டு எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிகிறது. சாதாரண வீட்டுப் பின்னல் மெஷினில் 200 ஊசி, 4.5 மி.மீ. இடைவெளி. பின்னி இறக்கினால் அகலம் 70 செ.மீ. தேறும். சோபா போர்வைக்கு 120 ஆவது வேண்டும். இரண்டு துண்டு போட்டு நடுவில் தைக்கத்தானே வேண்டும்? நடுவில் கோடு ஓடுவதெல்லாம் போர்வையா?

நூல்கண்டு:
அக்கா, ரிப்பர் என்று ஒன்று இருக்கிறது. எதிரே இன்னொரு வரிசை ஊசி. இரண்டிலும் ‘ப’ வடிவத்தில் ஓட்டினால் மடித்த போர்வையாகவே இறங்கும். விரித்தால் 140. தையலே கிடையாது.

குன்னூர்க் குளிர்:
மடிப்பில் கண்ணி தளரும். கோடு தெரியும்.

நூல்கண்டு:
எடையைச் சரியாகத் தொங்கவிட்டால் தெரியாது.

குன்னூர்க் குளிர்:
தெரியும்.

பழைய பெட்டி:
மெஷின் என்ன நேற்று முளைத்ததா? இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் எந்திரம் செய்தது 1589இல்.

குன்னூர்க் குளிர்:
அது காலுறைக்கு ஐயா. 120 செ.மீ. அகலத்தில் யாருக்குக் கால் இருக்கிறது?

வேலூர் வெயில்:
இங்கே போர்வையைப் பற்றிப் படிக்கவே வியர்க்கிறது.

குன்னூர்க் குளிர்:
படிக்காதீர்கள்.

நூல்கண்டு:
சரி, போன வருஷம் நீங்கள் படம் போட்டீர்களே, சதுரம் சதுரமாகக் கோத்த போர்வை. அதில் எத்தனை இணைப்பு? எண்ணிச் சொல்லுங்கள்.

குன்னூர்க் குளிர்:
அது குரோஷா, கொக்கி ஊசியில் போடுவது. அதில் இணைப்புதான் அழகு. வீட்டு மெஷினில் குரோஷா வராது, தெரியுமல்லவா? அப்புறம், அந்தப் படத்துக்கு எல்லோரும் ஒரு வார்த்தை சொன்னார்கள், நீங்கள் மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நூல்கண்டு:
அதுதானா விஷயம்!

குன்னூர்க் குளிர்:
விஷயம் கோடு.

பழைய பெட்டி:
இரண்டு பேரும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் போட்டுவிட்டுக் கம்பளி என்கிறீர்கள். அதை முதலில் பேசுவோம்.

நூல்கண்டு:
கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தினம் துவைக்க வேண்டும். அசல் கம்பளியை வாஷிங் மெஷினில் போட்டு எடுத்துப் பாருங்கள், பொம்மைக்குத்தான் ஆகும்.

பழைய பெட்டி:
கையால் துவைக்கலாமே.

நூல்கண்டு:
நீங்கள் வந்து துவையுங்கள்.

குன்னூர்க் குளிர்:
பேச்சை மாற்ற வேண்டாம். கையில் போடுகிறவளுக்கு நீளமான வளைய ஊசி ஒன்று போதும், முழு அகலமும் ஒரே மூச்சில் வரும். மடியிலேயே கிடப்பதால் பின்னும்போதே குளிருக்கும் ஆயிற்று. மெஷின் மடியில் உட்காருமா?

நூல்கண்டு:
இதோ நேற்று இறக்கிய போர்வை, படம் போட்டிருக்கிறேன். கோட்டைக் காட்டுங்கள்.

குன்னூர்க் குளிர்:
சரியாக நடுவில்.

நூல்கண்டு:
அது ஜன்னல் கம்பியின் நிழல்.

குன்னூர்க் குளிர்:
கோடு.