பேராமையும் ஸ்கேட் திருக்கையும்: எதற்கு ஆபத்து அதிகம், ஏன்?

கேள்வி:
பச்சைக் கடலாமை எனப்படும் பேராமையும், வடகிழக்கு அட்லாண்டிக்கில் வாழும் ஃபிளாப்பர் ஸ்கேட் என்னும் பெருந்திருக்கையும் முட்டையிடுபவை. இரண்டுமே பருவமடையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. அப்படியிருக்க, ஸ்கேட் மட்டும் அழிவின் விளிம்பில் நிற்பது ஏன்?

பதில் 1:
முட்டையிடும் முறையிலேயே பெரிய வேறுபாடு இருக்கிறது. நுரையீரலால் சுவாசிக்கும் ஊர்வனவான பேராமை, கரையேறி மணலில் குழி தோண்டி ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இடுகிறது. சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவந்துவிடும். சுறாவுக்கு உறவான குருத்தெலும்பு மீனாகிய ஸ்கேட்டோ, கடலடியில் பாறைத் துண்டுகளுக்கு நடுவே தடித்த உறைகளை விட்டுச் செல்கிறது. ஓர் உறைக்குள் ஒரே ஒரு கருதான். அது வளர்ந்து வெளிவர ஏறத்தாழ 18 மாதங்கள் ஆகும். அத்தனை காலமும் அந்தத் தரையை எந்த இழுவலையும் உரசாமல் இருக்க வேண்டும் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

பதில் 2:
மேலே கூறியதுடன் உடன்படுகிறேன். ஆனால் முதன்மையான காரணம் வேறு என்று கருதுகிறேன். ஆமைக்குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஸ்கேட் குஞ்சோ பிறக்கும்போதே பெரியது. கொன்றுண்ணிகளிடமிருந்து தப்ப உதவும் அதே உடலளவு, இளமையிலேயே அதை வலையில் சிக்கவைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் அதைப் பிடித்து வைத்திருப்பதைத் தடைசெய்திருந்தாலும், வேறு மீனுக்கு வீசிய வலை இனம் பார்ப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முட்டையிடும் கரைகளைக் காவல் காத்ததும் பேராமை மீண்டெழ உதவியது. 2025இல் அது அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து குறைந்த கவலைக்குரிய நிலைக்கு மாற்றப்பட்டது. கடலடியிலுள்ள முட்டையிடங்களையும் அவ்வாறே காக்க வேண்டும்.