பாட்காஸ்ட் பரிந்துரை: எதைக் கேட்பது, எந்தப் பகுதியில் தொடங்குவது?

நடைராசா எழுதியது:

தினமும் நடக்கும்போது 40 நிமிடம், பாத்திரம் கழுவும்போது 20 நிமிடம் காது சும்மா இருக்கிறது. வரலாறு, அறிவியல், உண்மைச் சம்பவங்கள் பிடிக்கும். ஆங்கிலம் புரியும், ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டே பேசினால் பிடிபடாது. இணையத்தில் கிடைக்கும் 'சிறந்த 50' வகைப் பட்டியல்கள் பெயரை மட்டும் அடுக்கிவிட்டுப் போகின்றன. 300 பகுதி உள்ள தொடரில் எங்கே நுழைவது என்று யாரும் சொல்வதில்லை. பெயரோடு தொடங்க வேண்டிய இடத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும். ஆண்ட்ராய்டு போன், வெளியே டேட்டா குறைவு.

ஓயாச்செவி எழுதியது:

பிடித்த விஷயத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால்தான் பலருக்கும் பாதியில் நின்றுபோகிறது. கேட்கும்போது கை என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். நடக்கையில் கவனம் முழுக்க உங்கள் வசம். வாரக்கணக்கில் நீளும் வரலாறு அதற்குச் சரி. குழாய்ச் சத்தத்தில் வாக்கியத்துக்கு ஒரு சொல்லாவது தப்பிவிடும். அங்கே ஒரே பகுதியில் முடிகிற, ஆள் பெயர் அதிகம் வராத நிகழ்ச்சிதான் ஒத்துவரும்.

நடைக்கு மைக் டங்கனின் 'ரெவல்யூஷன்ஸ்'. ஒருவரே எழுதிவைத்து நிதானமாக வாசிக்கிறார், அரட்டை கிடையாது. பெரும்பாலான பகுதிகள் அரை மணி நேரத்தை ஒட்டியவை. 2013-இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரோடு தொடங்கிய தொடர் இது. ஆனால் நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். அவருக்கே நடை படியாத காலம். மூன்றாம் பருவத்தில் (சீசன்), பிரெஞ்சுப் புரட்சியில் நுழையுங்கள், 55 பகுதிகள். முடித்த கையோடு நான்காம் பருவமான ஹெய்ட்டிப் புரட்சி, 19 பகுதிகள். சின்னதாக இருக்கிறதே என்று ஹெய்ட்டியை முதலில் எடுத்தால், பாரிசில் யார் கை ஓங்கியிருக்கிறது, அப்போது பிரெஞ்சுக் காலனியாக இருந்த அந்தத் தீவுக்கு வரும் உத்தரவு ஏன் அடிக்கடி மாறுகிறது என்பது விளங்காமல் தலைசுற்றும். பத்தாம் பருவமான ரஷ்யப் புரட்சி நூறு பகுதிகளைத் தாண்டும், அதைப் பிறகு பார்க்கலாம். 2024-இல் தொடங்கிய செவ்வாய்க் கிரகப் புரட்சி முழுக்கக் கற்பனை. புதியது என்பதால் வரிசையில் அது மேல்பக்கம் தெரியலாம், குழம்பிவிடாதீர்கள்.

இதே ஆள் முன்பு செய்த 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' 2007 முதல் 2012 வரை வந்தது, 179-ஆம் எண்ணோடு முடிகிறது. உள்ளடக்கம் அருமை. ஆரம்பப் பகுதிகளின் ஒலிப்பதிவு மட்டம் என்பதால் தெருவில் கேட்க முடியாது, வீட்டில் மட்டும்.

பிபிசியின் 'இன் அவர் டைம்' 1998-இலிருந்து வருகிறது. ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் உள்ளன, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. இதில் புதியதைத் தொடாதீர்கள். தேடல் பெட்டியில் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த தலைப்பைப் போட்டு எடுங்கள். தெரியாத விஷயமும் புதுக் குரல்கள் மூன்றும் சேர்ந்து வந்தால் பத்து நிமிடத்தில் மனம் வேறெங்கோ போய்விடும். 2025-இல் விலகும் வரை இதை நடத்திய மெல்வின் பிராக், விருந்தினர் வழிதவறினால் தயவு தாட்சண்யம் இல்லாமல் இழுத்துப் பிடிப்பார். கேட்பவருக்கு அது பெரிய வசதி.

டெசிபெல் எழுதியது:

ஓயாச்செவி சொன்ன வரிசை சரி. அறிவியல் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பிபிசி உலக சேவையின் '13 மினிட்ஸ் டு தி மூன்', முதல் பருவம், 2019. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய கடைசி 13 நிமிடங்கள்தான் மொத்தப் பருவமும். இறங்கும்போது கணினி காட்டிய 1202 எச்சரிக்கை என்ன, எரிபொருள் ஏன் விளிம்புக்குப் போனது, கட்டுப்பாட்டு அறையில் யார் எதற்குப் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, பருவத்தின் இறுதியில் அசல் ஒலிப்பதிவைப் போடுகிறார்கள். அதற்குள் அந்தக் கரகர வானொலிப் பேச்சு உங்களுக்கே புரியத் தொடங்கியிருக்கும். ஆகவே இதை முதல் பகுதியிலிருந்து வரிசையாகத்தான் கேட்க வேண்டும். இரண்டாம் பருவம் அப்பல்லோ 13 பற்றியது.

பாத்திரம் கழுவ அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரின் 'ஷார்ட் வேவ்', பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடியும். அதே நிறுவனத்தின் 'பிளானட் மணி' சற்று நீளம். இரண்டையும் எந்தப் பகுதியில் வேண்டுமானாலும் தொடங்கலாம். 'சாங் எக்ஸ்ப்ளோடர்' இங்கே வேண்டாம். பாடலைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்துக் காட்டும் நிகழ்ச்சி அது, குழாய்ச் சத்தத்தில் பாதி வீண். ஹெட்போனோடு உட்கார்ந்து கேளுங்கள்.

உண்மைச் சம்பவம் என்றால் எல்லோரும் 'சீரியல்' முதல் பருவத்தைச் (2014, 12 பகுதிகள்) சொல்வார்கள். கேட்கலாம், ஆனால் அதில் வரும் கொலை வழக்கு அங்கே முடியவில்லை. 2022-இல் குற்றவாளி என்ற தீர்ப்பு ரத்தாகி, 2023-இல் மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. முடிவைத் தேடிப் படித்துவிடாமல் 12 பகுதியையும் முடித்துவிட்டுப் பிறகு செய்திகளைப் பாருங்கள். என்னைக் கேட்டால் 2017-இல் மொத்தமாக வெளியான 'எஸ்-டவுன்' அதைவிட மேல்: ஏழே பகுதிகள், தனி நாவல் அளவுக்குக் கட்டுக்கோப்பு. தற்கொலை பற்றி விரிவாக வருகிறது, மனம் சோர்ந்திருக்கும் நாளில் தொட வேண்டாம். அமெரிக்கத் தென்பகுதி உச்சரிப்பு, உங்களுக்கு முதல் பகுதி சிரமம்தான்.

'ஹார்ட்கோர் ஹிஸ்டரி'யை அடுத்து யாராவது சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். ஒரு பகுதியே மூன்று, நான்கு மணி நேரம் ஓடும். 40 நிமிடத் துண்டுகளாகக் கேட்டால் ஒரு பகுதிக்கே ஐந்தாறு நாள் ஆகும். இதை நடத்தும் டேன் கார்லின் ஒரு வாதத்தை மணிக்கணக்கில் கட்டி எழுப்புபவர், துண்டாடினால் நூல் அறுந்துபோகும். பழைய தொடர்களைக் கட்டணத்துக்கு மாற்றிவிடுகிறார்கள் என்பதும் ஒரு தடை. நீண்ட பயணத்துக்கு வையுங்கள்.

தமிழில் வேண்டுமென்றால், நாவல்களை முழுமையாக வாசித்துத் தரும் 'கதை ஓசை' நடைக்குப் பொருந்தும். ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் வானொலி செய்தியும் நேர்காணலும் சின்னத் துண்டுகளாகத் தருகிறது, அது சமையலறைக்கு.

கம்பியில்லாதவன் எழுதியது:

எதைக் கேட்பது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். செயலியைச் சரியாக அமைக்காவிட்டால் அத்தனையும் வீண்.

ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் போடுங்கள். இலவசம், விளம்பரமில்லை, கணக்குத் தொடங்க வேண்டாம். சந்தா சேர்த்ததும் தொடருக்குள் போய் வரிசையைப் 'பழையது முதலில்' என்று மாற்றுங்கள். இதைச் செய்யாததால்தான் பலரும் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பதில் செவ்வாய்க் கிரகத்தில் போய் விழுகிறார்கள். தானியங்கிப் பதிவிறக்கம் புதிதாக வெளிவரும் பகுதிகளுக்கானது, முடிந்த தொடருக்கு அதை அணைத்துவிடுங்கள். வேண்டிய பத்துப் பகுதிகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வைஃபையில் இறக்கி வரிசையில் போட்டால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை.

டேட்டா கணக்கு எளிது. நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) எம்பி3 ஒலிக்கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி, அதாவது மணிக்கு 58 எம்பி. 64 கேபிபிஎஸ் என்றால் அதில் பாதி. யூடியூபில் வீடியோவாக ஓடவிட்டால் இதைவிடப் பல மடங்கு தின்னும்.

இரவில் இறங்கவேண்டியது பாதியில் நின்றிருந்தால் பெரும்பாலும் போனின் பேட்டரிச் சிக்கனம்தான் காரணம். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

வேகம்: ஒருவர் வாசிக்கும் வரலாற்றுக்கு 1.2 வரை தாங்கும், உரையாடலுக்கு 1.0 போதும். தொடருக்குத் தொடர் தனி வேகம் வைக்க வழி உண்டு. மௌனத்தை வெட்டும் வசதியை '13 மினிட்ஸ்' போன்றவற்றுக்குப் போடாதீர்கள். அங்கே இடைவெளியும் வேண்டுமென்றே விட்டதுதான், வெட்டினால் பதற்றமே வராது.

நண்பர் '22-ஆவது நிமிடத்தைக் கேள்' என்று அனுப்பினால் உங்களிடம் அங்கே வேறு ஏதோ ஓடும். பல நிகழ்ச்சிகளில் விளம்பரத்தைக் கோப்பு இறங்கும் நேரத்தில்தான் செருகுகிறார்கள், நாட்டுக்கும் நாளுக்கும் ஏற்ப நீளம் மாறும். முன்னும் பின்னும் ஓரிரண்டு நிமிடம் தேடிப் பாருங்கள்.

ஒற்றைக் காதில் மட்டும் மாட்டிக்கொண்டு நடப்பவரானால் போனின் அணுகல்தன்மைப் பகுதியில் மோனோ ஒலியைப் (இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலப்பது) போடுங்கள். சில நிகழ்ச்சிகளில் ஒருவர் குரல் இடப்பக்கமும் மற்றவர் குரல் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும், ஒற்றைக் காதில் பாதி உரையாடல் மங்கிவிடும்.

டெசிபெல் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. தெருச் சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90-க்குப் போனால் வெறும் 4 மணி நேரம். காதுத் துளையை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை போட்டாலே குறைந்த ஒலியில் பேச்சு தெளியும். சாலை ஓரமாக நடப்பவர் மட்டும் இரண்டு காதையும் அடைக்க வேண்டாம், வண்டி வருவது தெரியாது.

நடைராசா எழுதியது:

மிக்க நன்றி. பிரெஞ்சுப் புரட்சியும் 'ஷார்ட் வேவ்'வும் சேர்த்துவிட்டேன். அடுத்த மாதம் போன் மாற்றுகிறேன். எல்லாவற்றையும் மறுபடி தேடிச் சேர்க்கணுமா?

கம்பியில்லாதவன் எழுதியது:

வேண்டாம். ஆன்டெனாபாடின் அமைப்புகளில் ஏற்றுமதி இருக்கிறது, அதில் இரண்டு வகை. ஓபிஎம்எல் கோப்பில் சந்தாப் பட்டியல் மட்டுமே போகும். வேறு செயலிக்கு மாறுவதானால் அது போதும். எதுவரை கேட்டீர்கள் என்ற விவரமும் வேண்டுமென்றால் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்யுங்கள். புதுப் போனில் எதையும் சேர்ப்பதற்கு முன் அதை உள்ளிடுங்கள், ஏனெனில் அங்கே ஏற்கெனவே இருப்பதை அது அழித்துவிட்டுத்தான் உட்காரும். இறக்கிவைத்த ஒலிக்கோப்புகள் கூட வராது, அவற்றை வைஃபையில் மறுபடி இறக்க வேண்டும்.